ஃபிரிட்ஜ் கதவில் ஒரு சிப்பாய்

ஜேசுரட்ணம் தன் மனைவியைச் சந்தேகப்படுகிற ஆள் அல்ல. கல்யாணமாகிப் பதின்மூன்று வருடங்களில் சுஜீவாவின் கைத்தொலைபேசியை ஒருநாளும் அவர் எடுத்துப் பார்த்ததில்லை. மியூனிக்கில் உள்ள நண்பர்கள் மனைவிமாரைப் பற்றிப் புறுபுறுக்கும்போது, தனக்கு அந்தக் கரைச்சல் இல்லை என்று பெருமையோடு தேநீர் குடிப்பார். அப்படிப்பட்டவருக்கு எண்பது வருடங்களுக்கு முன்பே செத்துப்போன ஒருவனைக் கண்டு வயிறு எரிந்தது.

செத்துப்போனவன் அவர்களுடைய ஃபிரிட்ஜ் கதவில் இருந்தான். அமெரிக்க இராணுவச் சீருடையில், தொப்பியை ஒரு பக்கம் சாய்த்துப் போட்டுக்கொண்டு, கறுத்த அழகான முகத்தில் பாதிச் சிரிப்போடு நிற்கும் படம். பெயர் கால்வின் டாட்சன். வயது இருபத்திரண்டு. காலையில் பால் எடுக்கப் போனால் அவன் சிரிப்பான். இரவில் தண்ணீர் எடுக்கப் போனாலும் அதே சிரிப்பு. ஜேசுரட்ணத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. தலையில் மிச்சமிருந்த மயிரை பஸ் ஓட்டுநர் தொப்பியால் மூடிக்கொண்டு வேலைக்குப் போகும்போது, 'இவனுக்கு மட்டும் வயசு போகாது' என்று நினைத்துக்கொள்வார்.

சுஜீவா, ஹாசல்கிர்கன் என்ற சிறிய ஊரில் உள்ள முதியோர் இல்லத்தில் வேலை செய்தாள். இல்லத்துக்கு எதிரே பஸ் தரிப்பிடம். அதற்குப் பக்கத்தில், ஒரு லிண்டன் மரத்தின் கீழே, முழங்கால் உயரத்தில் ஒரு சாம்பல் நிறக் கல். 1945ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், போர் முடிகிற தறுவாயில், ஜெர்மன் படையினர் அமெரிக்கப் போர்க்கைதிகளை அந்தத் தெருவழியே நடத்திக்கொண்டு போனார்கள். கால்வினும் அவர்களில் ஒருவன். நடக்க முடியாமல் விழுந்த நண்பனுக்குத் தண்ணீர் எடுக்க, தெருவோரத்துக் குழாயடிக்குப் போனான். அவனுக்கு முன்னால் இரண்டு வெள்ளைக்காரக் கைதிகள் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருந்தார்கள். அவர்களைக் காவலாள் அதட்டியதோடு சரி. கறுப்பனான கால்வின் போனபோது காவலாள் துப்பாக்கியை நீட்டினான். கால்வின் வாளியைக் கீழே வைத்தான். இரண்டு கைகளையும் உயர்த்தினான். அப்படியிருந்தும் காவலாள் சுட்டுவிட்டான். யன்னலால் பார்த்துக்கொண்டிருந்த ஒரு சிறுமி, கிழவியான பிறகுதான் அதை வாய்திறந்து சொன்னாள். பிறகு அந்த ஊர்க்காரர்கள் ஒரு சங்கம் சேர்த்து, அந்தக் கல்லை வைத்தார்கள். உடலை அமெரிக்கர்கள் எப்போதோ தங்கள் மயானத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

இரண்டு வருடங்களுக்கு முன்பு, சகல பரிசுத்தவான்களின் திருநாள் மாலையில், சுஜீவா பஸ்ஸுக்குக் காத்திருந்தாள். ஊர்ச் சேமக்காலை முழுவதும் சிவப்பு விளக்குகள். ஒவ்வொரு கல்லறையிலும் ஒன்று. இந்தக் கல் மட்டும் இருட்டில் நின்றது. அவள் பூக்கடைக்குத் திரும்பிப் போய், சிவப்புக் கூட்டுக்குள் எரியும் மெழுகுதிரி ஒன்றை வாங்கிவந்து வைத்தாள். அன்று தொடங்கியது. சனிக்கிழமை தவறாமல் வேலை முடிந்து கல்லைத் துடைத்து, பூ வைத்து, மெழுகுதிரி கொளுத்திவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். சங்கத்தை நடத்துகிற ஓய்வுபெற்ற ஆசிரியை லிண்ட்னர் அம்மா இதைக் கண்டு, அவளையும் சங்கத்தில் சேர்த்துக்கொண்டா. படமும் அங்கிருந்து வந்ததுதான்.

சனிக்கிழமை ஜேசுரட்ணத்துக்கு விடுமுறை. அன்று அவர்தான் சமையல். அந்த மார்ச் மாதச் சனிக்கிழமையிலும் மீன்குழம்பை இறக்கி வைத்துவிட்டு, யன்னலுக்கும் அடுப்புக்கும் நடந்துகொண்டிருந்தார்.

"அம்மா எங்கை, பிள்ளை?"

"அம்மா தன்ரை ஆளைப் பாக்கப் போட்டா," என்றாள் நிவேதிதா, தொலைபேசியிலிருந்து தலையை எடுக்காமல். அவளுக்குப் பன்னிரண்டு வயது.

"உந்த வாயை அடக்கு."

"நீங்கள்தானே போன கிழமை சொன்னீங்கள், உன்ரை அம்மா தன்ரை ஆளைப் பாக்கப் போட்டா எண்டு."

சுஜீவா வந்தபோது குழம்பில் ஆடை படிந்திருந்தது.

"சோறு ஆறிப்போச்சு," என்றார்.

"நீங்கள் சாப்பிட்டிருக்கலாமே."

"தனியச் சாப்பிட எனக்கு ஏலாது."

"மழைக்குக் கல்லெல்லாம் சேறு. துடைச்சுப்போட்டு வர நேரமாச்சு."

"எனக்கு ஒருநாளாவது இப்பிடிப் பூ வாங்கி வைச்சனீரோ?"

"செத்தால் வைக்கிறன்," என்றாள் சுஜீவா, சோற்றைப் போட்டபடி. "இப்ப கையைக் கழுவிப்போட்டு வாங்கோ."

நிவேதிதா சிரித்தாள். ஜேசுரட்ணமும் சிரித்தார். ஆனாலும் முள் ஒன்று தொண்டையில் நின்றது. மீனின் முள் அல்ல.

ஏப்ரலில் வரும் நினைவு நாள் நெருங்கியது. இம்முறை கால்வினின் சொந்தக்காரர் ஒருவர் அமெரிக்காவிலிருந்து வருவதாக ஏற்பாடு. விளக்கை முதலில் கொளுத்தியவள் என்பதால் சுஜீவாவும் நாலு வார்த்தை பேச வேண்டும் என்று லிண்ட்னர் அம்மா கேட்டுக்கொண்டா. அவள் ஜெர்மனில் எழுதி, மகளுக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். வேலைக்குப் புறப்பட்ட ஜேசுரட்ணம் வீட்டு வாசல் நடையில் குனிந்து சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

"கையை உயர்த்திக்கொண்டு போன ஒருவரை எனக்கும் தெரியும்," என்று சுஜீவா மெல்ல வாசித்தாள். "அவர் எனக்கு நிச்சயிக்கப்பட்டிருந்தவர். பெயர் கிருபன்."

"பொறுங்கோ அம்மா," என்றாள் நிவேதிதா. "நிச்சயிச்ச ஆள் எண்டால் அப்பாவெல்லோ? அப்பா எப்ப கையை உயர்த்தினவர்?"

"அப்பா இல்லை. நீ பிழையை மட்டும் திருத்து."

ஜேசுரட்ணம் ஒரு சப்பாத்தோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். இவ்வளவு நாளும் தான் எரிந்தது யாரைப் பார்த்து என்பது அவருக்கு அப்போது விளங்கியது. ஃபிரிட்ஜ் கதவில் இருந்தவன் வெறும் முகமூடி. அதற்குப் பின்னால் வேறொருவன் நின்றிருக்கிறான். அவனும் இளைஞன்.

மறுநாள் காரில் கடைக்குப் போகும்போது கேட்டார்.

"ஆர் அந்தக் கிருபன்?"

சுஜீவா திடுக்கிடவில்லை. எப்போதாவது வரும் என்று தெரிந்த கேள்வி போல இருந்தாள்.

"மன்னாரிலை எனக்கு முந்திப் பேசின சம்பந்தம். சண்டையின்ரை கடைசி நாள், வட்டுவாகல் பாலத்தடியிலை மற்ற ஆக்களோட ஆமியிட்டைக் கையை உயர்த்திக்கொண்டு போனவர். நான் சனத்துக்குள்ளை நிண்டு பாத்தனான். ஒரு பஸ்ஸிலை ஏத்தினவை. கதவைப் பூட்டினவை. அவ்வளவுதான்."

"றோசம்மா மாமி எங்கடை சம்பந்தத்தைக் கொண்டுவரேக்கை ஒண்டும் சொல்லேல்லையே."

"அவ சொல்லாமல் விட்டா. நீங்களும் கேக்கேல்லை."

அவர் தெருச் சந்தியின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "விரும்பினனீரோ?"

"பச்சை விழுந்திட்டுது," என்றாள் சுஜீவா. "எடுங்கோ."

அந்த வாரம் முழுவதும் பஸ்ஸின் கதவு மூடுகிற ஒவ்வொரு தடவையும் ஜேசுரட்ணத்தின் காதில் அந்தப் பதில் விழுந்தது. இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஓம் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். பச்சை விழுந்ததாம். அவளை விமான நிலையத்தில் முதன்முதலாகக் கண்டபோது, அவள் தன்னைத் தாண்டிப் பின்னால் யாரையோ தேடுவதுபோலப் பார்த்தது ஞாபகம் வந்தது. களைப்பு என்று அன்று நினைத்திருந்தார்.

மாதத்தின் முதல் ஞாயிறு, மியூனிக்கில் தமிழ்ப் பூசை. கால்வினுக்காகப் பூசையை ஒப்புக்கொடுக்கும்படி ஃபாதரிடம் சொல்ல வேண்டும் என்று சுஜீவாவே கேட்டிருந்தாள். பூசைக்கு முன் ஜேசுரட்ணம் ஃபாதரிடம் போனார்.

"கால்வின் டாட்சன், ஃபாதர். ஆன்ம இளைப்பாற்றிக்கு." கொஞ்சம் நின்று, "இன்னொரு பேரும் இருக்கு. கிருபன்," என்றார்.

நல்ல காரியம் செய்வதாகத்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். செத்தவனுக்கு ஒரு பூசைகூட இல்லாமல் இருப்பது பாவம் இல்லையா? கணவனான தானே கொடுத்தால் சுஜீவா நெகிழ்ந்துபோவாள். இதெல்லாம் உண்மைதான். ஆனால் பேரைச் சொல்லிவிட்டு உட்காரும் வாங்கிலுக்குத் திரும்பும்போது, குழியில் கடைசிப் பிடி மண்ணைப் போட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொள்பவனுடைய நிம்மதி அவருக்குள் இருந்தது. அதுவும் உண்மை.

மன்றாட்டு நேரம் வந்தது. "மரித்தவர்களான கால்வின், கிருபன் ஆகியோரின் ஆன்மாக்கள் நித்திய இளைப்பாற்றி அடைய வேண்டுமென்று..." என்று ஃபாதர் வாசித்தார்.

சுஜீவா எழுந்தாள். அவருடைய முழங்காலைத் தாண்டி, கோவிலின் நடுவழியே நடந்து வெளியே போனாள். முன் வாங்கிலில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் பின்னால் போனபோது, முற்றத்தில் சைக்கிள்கள் நிறுத்தும் இடத்தில் நின்றாள். அழவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"அவர் செத்தவர் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"சுஜீ, பதினாறு வருசம்..."

"வருசத்தைக் கேக்கேல்லை. ஆர் சொன்னது? அவரின்ரை தாய் இண்டைக்கும் படத்தை வைச்சுக்கொண்டு ரோட்டோரத்திலை இருக்கிறா, என்ரை பிள்ளையைத் தாங்கோ எண்டு. செத்தவைக்கு வைக்கிற முப்பத்தோராம் நாள் பூசை குடுக்கச் சொல்லிச் சாமிமார் கேட்டும் அவ குடுக்கேல்லை. பெத்தவள் குடுக்காத பூசையைக் குடுக்க நீங்கள் ஆர்?"

"நான் நல்லதுக்குத்தான்..."

"நல்லதுக்கோ? பதின்மூண்டு வருசமா செவ்வாய்க்கிழமையிலை அந்தோனியாருக்குக் கொளுத்துறனே, ஆருக்கு எண்டு நினைச்சியள்?"

காணாமல்போனவற்றைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அந்தோனியார். ஜேசுரட்ணத்துக்கு அது சிறு வயதிலிருந்தே தெரியும். செவ்வாய்க்கிழமை மெழுகுதிரிகள் தன் பஸ்ஸுக்கும் பிள்ளையின் படிப்புக்கும் என்று எண்ணியிருந்தார். ஒவ்வொரு வாரமும் தன் வீட்டிலிருந்து ஒரு மெழுகுதிரி இன்னொருவனைத் தேடிப் போயிருக்கிறது.

"அவர் வந்தால் என்ன செய்வீர்?" கேட்கக்கூடாது என்று தெரிந்துகொண்டே கேட்டார்.

சுஜீவா அவரை நேரே பார்த்தாள். "சோறு போடுவன்," என்றாள். "நீங்கள் உழைச்சுக் கொண்டுவாற சோறு. வேறை என்னட்டை என்ன இருக்கு?"

அதன் பிறகு வீடு அமைதியானது. அவள் சமைத்தாள், உடுப்புத் தோய்த்தாள், மேசையில் சாப்பாட்டை மூடி வைத்தாள். பேச்சு மட்டும் மகளின் வழியாக வந்தது. "அப்பாவிட்டைச் சொல்லு, நாளைக்கு டெர்மின் இருக்கு, பல்லு டொக்டரிட்டைப் போக வேணும்." அவர் எதிரே இருந்து தலையாட்டுவார். "அப்பா தலையாட்டுறார், அம்மா," என்பாள் நிவேதிதா, பெருமூச்சு விட்டு. நினைவு நாள் கூட்டத்தில் பேசப்போவதில்லை என்று சுஜீவா லிண்ட்னர் அம்மாவுக்கு அறிவித்துவிட்டாள். எழுதிய தாளைக் கிழித்தும் போட்டாள். ஃபிரிட்ஜ் கதவில் கால்வின் தொப்பியைச் சாய்த்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

நினைவு நாளன்று ஜேசுரட்ணமும் போனார். கூப்பிடாமல்தான் போனார். கல்லைச் சுற்றி முப்பது பேர் அளவில் நின்றார்கள். ஊர்ப் பித்தளை வாத்தியக் குழு மெதுவாக ஒரு பாட்டு வாசித்தது. சுஜீவா முன்னால் மெழுகுதிரியோடு நின்றாள். அவர் மரத்தடியில், பின்னால்.

கால்வினுடைய தம்பியின் மகள் லொரெய்னுக்கு எழுபது வயதிருக்கும். ஊதாத் தொப்பி, கைத்தடி. ஆங்கிலத்தில் பேசினா. லிண்ட்னர் அம்மா வாக்கியம் வாக்கியமாக ஜெர்மனில் சொன்னா.

"பெரியப்பாவைப் பற்றி முதலில் வந்த தந்தியில், காணவில்லை என்று மட்டும்தான் இருந்ததாம். கிட்டத்தட்ட ஒரு வருடம் அப்படியே போனது. வீட்டில் அவருடைய ஞாயிற்றுக்கிழமைச் சப்பாத்துச் சோடி ஒன்று இருந்தது. என் அப்பாவுக்கு அப்போது பதினாலு வயது. அவருடைய சப்பாத்தில் ஓட்டை. ஆனால் பாட்டி அந்தச் சோடியைத் தொட விடவில்லை. கால்வின் வந்து போடுவான் என்று சொல்லி, வாராவாரம் அதற்கு மினுக்குப் பூசினா. அப்பா ஓட்டைச் சப்பாத்தில் கடதாசி வைத்துப் பள்ளிக்கூடம் போனார். இல்லாத ஒருவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று எங்களிடம் சொல்லுவார்."

சிலர் மெல்லச் சிரித்தார்கள்.

"பிறகு சாவுச் செய்தி வந்தது. பாட்டி தானே அந்தச் சப்பாத்தை எடுத்து, இந்தா, இனி நீ போடு என்று கொடுத்தாவாம். அப்பாவுக்குச் சரியான அளவு. ஆனால் அவர் போடவில்லை. எனக்கு வேண்டாம், திரும்ப வை, அண்ணா வரட்டும் என்று கத்தி அழுதாராம்."

ஜேசுரட்ணம் மரத்தடியில் நின்றபடி தன் காலில் இருந்த சப்பாத்தைக் குனிந்து பார்த்தார்.

பேச்சு முடிந்ததும் லிண்ட்னர் அம்மா சுஜீவாவைக் கேள்வியோடு பார்த்தா. சுஜீவா தலையசைத்து மறுத்தாள். மெழுகுதிரியைக் கல்லடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். பிறகு, திரும்பிப் போக வேண்டியவள், போகாமல் நின்றாள். கையில் தாள் இல்லை. உடைந்த ஜெர்மனில் லொரெய்னைப் பார்த்துப் பேசினாள்.

"நான் நல்லவள் என்று நினைக்கிறீர்கள். இல்லை. இரண்டு வருடமாக இந்தக் கல்லைத் துடைக்கும்போது எனக்குப் பொறாமை. கால்வினுக்கு என்ன நடந்தது என்று தெரியும். எந்த இடம் என்று தெரியும். பார்த்த ஒருத்தி சொல்லியிருக்கிறாள். என்னுடைய ஊரிலும் ஒருவர் கையை உயர்த்திக்கொண்டு போனார். நான் பார்த்தேன். ஆனால் எனக்குக் கடைசிவரை தெரியாது. அவருக்கு இப்படி விளக்கு வைக்க என்னால் முடியாது. வைத்தால் செத்துவிட்டார் என்று ஆகிவிடும். அதனால் உங்கள் ஆளுக்கு வைத்தேன். மன்னியுங்கள்."

லிண்ட்னர் அம்மா மொழிபெயர்த்து முடிக்கும்வரை லொரெய்ன் அசையவில்லை. பிறகு கைத்தடியை லிண்ட்னர் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, சுஜீவாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டா. அவ சொன்னது ஜேசுரட்ணத்துக்குக் கேட்கவில்லை. சுஜீவா அழுவது மட்டும் தெரிந்தது. அவருக்கு முன்னால் அவள் அழுதது அதுதான் முதல் தடவை. அதுவும் இன்னொரு பெண்ணின் தோளில். அந்த நேரத்திலும் அவருக்கு லொரெய்ன் மேல் கொஞ்சம் எரிச்சல் வந்தது. தன் மனத்தை நினைத்துத் தானே வெட்கப்பட்டார்.

வீட்டுக்குப் போகும் வழியில் சுஜீவா நிவேதிதா இல்லாமலே ஒரு வார்த்தை பேசினாள். "குளிருது. ஹீட்டரைப் போடுங்கோ."

செவ்வாய்க்கிழமை ஜேசுரட்ணம் தன் வேலைமுறையை இன்னொருவரோடு மாற்றிக்கொண்டார். சுஜீவா வேலை முடிந்து ஹாசல்கிர்கன் கோவிலுக்குள் நுழைந்தபோது, அவர் அந்தோனியார் சுரூபத்தின் முன்னால் ஓட்டுநர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவள் தன் மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்தாள். அவரும் ஒன்றை எடுத்துக் கொளுத்தினார்.

"இது பஸ்ஸுக்கோ?" என்றாள்.

"இல்லை." தொண்டையைச் செருமிக்கொண்டு, சுரூபத்தைப் பார்த்துச் சத்தமாகவே சொன்னார். "கிருபன் எங்கையிருந்தாலும் சுகமா வந்து சேர வேணும்."

சுஜீவா அவருடைய முகத்தைப் பார்த்தாள். "உண்மையாத்தான் கேக்கிறியளோ?"

பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை, அதுவும் அந்த இடத்தில். "அரைவாசி உண்மையா," என்றார். "மற்ற அரைவாசியை அந்தோனியார்தான் பாத்துக்கொள்ள வேணும்."

அவளுடைய உதடு துடித்தது. சிரிப்பா அழுகையா என்று அவரால் பிரிக்க முடியவில்லை.

"ஃபாதரிட்டையும் சொல்லிப்போட்டன்," என்றார். "பிழையாக் குடுத்திட்டன், இனி அந்தப் பேரைச் செத்தவையோட வாசிக்க வேண்டாம் எண்டு."

அவள் தலையாட்டினாள். சிலுவை போட்டுக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். அவரும் பின்னால் போனார்.

"அந்தாள் என்னைவிட உயரமோ?"

"ஓம்."

"தலைமயிர்?"

"நிறைய. சுருட்டை."

"கடவுளே."

இந்தமுறை அது சிரிப்புத்தான். சுஜீவா கனத்த கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். ஏப்ரல் காற்று குப்பென்று உள்ளே வந்தது. ஜேசுரட்ணம் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தார். அந்தோனியாரின் காலடியில் சுஜீவாவின் சுடர் குனிந்து நிமிர்ந்தது. அவருடையது அணைந்துவிட்டது. திரியிலிருந்து மெல்லிய புகை எழுந்தது.

கோவிலில் வேறு யாரும் இல்லை. சுஜீவா பார்க்கவில்லை. பார்க்கப்போவதும் இல்லை. ஒரு கணம் அவர் அங்கேயே நின்றார்.

"இஞ்சேருங்கோ, பஸ் வரப்போகுது," என்று வெளியே அவள் கூப்பிட்டாள்.

"வாறன், வாறன். ஒரு நிமிசம்."

அவர் திரும்பி நடந்தார். அணைந்த மெழுகுதிரியை எடுத்து, அவளுடைய சுடரில் பிடித்தார். திரி உருகிய மெழுகில் நனைந்திருந்தது. பற்றுவதற்குக் கொஞ்சம் நேரமெடுத்தது. பற்றிய பிறகு, வாசலிலிருந்து காற்று வராத பக்கமாக, சுரூபத்தின் அங்கிக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓடினார்.